வாடிக்காரர் கணக்கும் செயலியின் கணக்கும்

பாம்பன் பக்கம் நாட்டுப்படகுக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என்ஜினுக்கும் வலைக்கும் அப்பா வாடிக்காரரிடம், அதாவது கரையில் மீன் வாங்கும் வியாபாரியிடம், வாங்கிய பணத்துக்கு வட்டி கிடையாது. அதற்குப் பதிலாக, பிடிக்கிற நண்டு, கணவாய் எல்லாம் அவர் வாடிக்குத்தான் போக வேண்டும், விலை அவர் சொல்வதுதான், எடையிலும் கழிவு என்று கொஞ்சம் போகும். புதிதாக எதையும் உண்டாக்காமல், வழியை மறித்து நின்று பங்கு வாங்குவதைப் பொருளாதாரத்தில் 'வாடகை தேடல்' என்கிறார்கள். 1974இல் ஆன் க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர் அந்தப் பெயரில் எழுதியபோது உதாரணமாக எடுத்துக்கொண்டது இந்தியாவிலும் துருக்கியிலும் இறக்குமதி லைசென்சுக்கு நடந்த அடிதடியை.

ஆனால் வாடிக்காரருக்கு எல்லாம் தெரியாது. பக்கத்து வாடியில் என்ன விலை என்று அவர் ஆள் அனுப்பித்தான் கேட்க வேண்டும், ரொம்ப நெருக்கினால் இன்னொரு வியாபாரி வந்து கடனை அடைத்துப் படகைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அந்தப் பயம் அவருக்கு இருந்தது. எங்களுக்கு அதுதான் மிச்சம்.

இப்போது மாமாவின் லாட்ஜ். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக்கு நடந்து போகிற தூரம், ஒன்பது அறைகள். இணைய முன்பதிவு தளம் ஒன்று நூற்றுக்கு 22 ரூபாய் எடுத்துக்கொள்கிறது, சரி, ஆள் அனுப்புகிறார்கள் என்று மாமா பொறுத்துக்கொண்டார். அப்புறம் விலையையும் நாங்களே போட்டுத் தருகிறோம் என்று ஒரு வசதி வந்தது. தை அமாவாசைக்கு முந்தின நாள் 1,200 ரூபாய் அறைக்கு அது 3,800 போட்டது. பக்கத்து மூன்று லாட்ஜிலும் ஏறக்குறைய அதே விலை, நாலு முதலாளிகளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை! அருப்புக்கோட்டையிலிருந்து அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்த ஒருவர் அந்த ராத்திரி வரவேற்பறை பெஞ்சிலேயே மனைவியோடு உட்கார்ந்திருந்தார், காலடியில் எள்ளும் பச்சரிசியும் வைத்த மஞ்சப்பை.

முதலாளிகள் ஒரு டீக்கடையில் கூடி விலை பேசினால் அது சட்டப்படி தவறு. எல்லாரும் தங்கள் கணக்கை ஒரே மென்பொருளிடம் கொடுத்து அது சொல்கிற விலையைப் போட்டால்? அமெரிக்காவில் வீட்டு வாடகையில் இதே கேள்விதான் எழுந்தது, 2024 ஆகஸ்டில் அந்த நாட்டு நீதித்துறை ரியல்பேஜ் என்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. போட்டியாளர்களின் வெளியே தெரியாத வாடகை விவரங்களை வாங்கி, அதை வைத்து வாடகை பரிந்துரைக்கிறது என்பது புகார். இனி இந்த வேலைக்கு ஏஐ வரும்போது நிலைமை இன்னும் மோசமாகும் என்றுதான் நினைக்கிறேன். பெரிய ஏஐ மாடல்களைப் பயிற்றுவிக்கிற அளவுக்குப் பணமும் கணினி சிப்பும் உள்ளவர்கள் சிலபேர்தான், ஊரெல்லாம் அவர்களிடம் கணக்கைக் கொடுத்தால் யார் எவ்வளவு தாங்குவார் என்பது அவர்களுக்கு ஆளாளுக்குத் தெரிந்துபோகும். வாடிக்காரருக்குக் கிடைக்காத அறிவு அது. போட்டியாளர்களின் உள்கணக்கை ஒரே இடத்தில் சேர்த்து விலை சொல்வதையே தடுக்க வேண்டும், வந்தபின் அபராதம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாமா அந்த வசதியை நிறுத்திவிட்டு எல்லா நாளும் 1,200 என்று போர்டு எழுதி வைத்தார். தளத்தில் லாட்ஜ் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. ஆடி அமாவாசைக்கு, ஊரே நிறைந்திருந்த அன்று, ஒன்பதில் நாலு அறை காலி.