நகானோ கூடையில் ஒரு 200 எம்எம்

ஆபீஸ் வேலையாக டோக்கியோவில் இரண்டு வாரம். நடுவில் கிடைத்த சனி, ஞாயிறுக்கு ஃபூஜி மலைப் பக்கம் போகலாம் என்று கல்லூரி நண்பன் திட்டம் போட்டு வைத்திருந்தான்.

"மலை எங்கேயும் ஓடிப் போகாதுடா. என்னை நகானோவுக்குக் கூட்டிட்டுப் போ, பழைய கேமரா லென்ஸ் ஒண்ணு வாங்கணும்" என்றேன்.

"அங்கே பொம்மைக் கடைதானே இருக்கு?"

பத்து வருடமாக நிஷி-கசாயில் இருக்கிறான். நம் ஊர் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதி அது. அங்கே டோசாய் மெட்ரோ லைனில் ஏறினால் வண்டி மாறாமல் நகானோ போய்விடலாம். அந்த லைனின் மேற்குக் கோடியே நகானோதான். ஆனாலும் இவன் அங்கே இறங்கியதே இல்லையாம்.

அவன் சொன்ன பொம்மைக் கடைகளும் உண்டு. 1966-ல் கட்டிய நகானோ பிராட்வே என்ற கட்டடத்தின் கடைகளில் நிறைய அனிமே பொம்மைகளும் பழைய காமிக்ஸ்களும்தான். எனக்கு வேண்டியது அதற்குப் பக்கத்துச் சந்துகளில் இருந்தது. நகானோவும் ஷின்ஜுகுவும் பழைய கேமராக்களுக்குப் பெயர்போன இடங்கள். ஷின்ஜுகுவில் எல்லாம் துடைத்து, கண்ணாடி அலமாரியில் வைத்து, அதற்கேற்ற விலையில் இருக்கும். என் பட்ஜெட் அலமாரிக்கானது அல்ல, கடை ஓரத்தில் மலிவாகக் குவித்து விற்கும் கூடைக்கானது.

என்னிடம் இருப்பது பழைய சோனி ஏ6000. பறவைப் படம் எடுக்க, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் நீளமான லென்ஸ் வேண்டும். எம்எம் எண் கூடக் கூட இன்னும் கிட்டத்தில் தெரியும். சொல்லிக்கொள்ளும்படியான ஒன்றைப் புதிதாக வாங்கப் போனால் கேமரா விலையைத் தாண்டிவிடுகிறது. பழைய 135, 200 எம்எம் லென்ஸ்களோ சீந்துவாரில்லாமல் கிடக்கின்றன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எஸ்எல்ஆர் எனும் லென்ஸ் மாற்றக்கூடிய ஃபிலிம் கேமரா வாங்கியவர்கள் 50 எம்எம்-முக்கு அடுத்து வாங்கியது பெரும்பாலும் ஒரு 135. அதனால் ஜப்பானிய வீடுகளில் எக்கச்சக்கமாகத் தேங்கிவிட்டன. 1985-ல் மினோல்டா 7000 ஆட்டோஃபோகஸோடு வந்தது. 1987-ல் கேனான் தன் எஃப்டி மவுண்ட்டையே (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) கைவிட்டு இஓஎஸ்ஸுக்குத் தாவியது. கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எஸ்எல்ஆரில் இருக்கும் ஆடி உள்ளே இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்து அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. என் சோனியும் அந்த வகைதான். காரணம் எளிது. எம்42 என்ற திருகு மவுண்ட் கொண்ட பழைய லென்ஸ், படம் பதியும் சென்சாருக்கு 45.46 மில்லிமீட்டர் முன்னால் உட்கார வேண்டும். ஆடி இல்லாததால் என் சோனியில் அந்தத் தூரம் வெறும் 18. மிச்சமிருக்கும் இரண்டே முக்கால் சென்டிமீட்டரை நிரப்ப ஒரு உலோகக் குழாய் போதும், உள்ளே கண்ணாடி எதுவும் வேண்டாம். ஆடி உள்ள நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அந்தத் தூரம் 46.5 என்பதால் எம்42 மாட்டினால் தூரத்தில் இருப்பது ஃபோகஸே ஆகாது. கேனான் இஓஎஸ்ஸில் 44 என்பதால் ஒரு மெல்லிய வளையத்தோடு காரியம் முடிந்துவிடும். அந்த எம்42 குழாய் ஒன்றைச் சென்னையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

கடைக்குள் ஒரு ஓரத்தில் தரையோடு தரையாகப் பிளாஸ்டிக் கூடைகள். முட்டைக்கோஸ் குவித்த மாதிரி லென்ஸ்கள். எனக்கு முன்பே இரண்டு தாத்தாக்கள் வந்து குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. நானும் "சுமிமாசென்" (மன்னிக்கணும்) சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நண்பன் நின்றபடியே எனக்காக விலைச்சீட்டுகளைப் படித்துச் சொன்னான்.

"இதுல 'கபி'னு போட்டிருக்கு. பூஞ்சை."

"அது?"

"குமோரி. மேகமூட்டம்னு வானிலை அறிக்கைல சொல்வாங்க. லென்ஸுக்குள்ள என்ன மேகம்?"

எல்லாச் சீட்டிலும் பொதுவாக இருந்த சொல் 'ஜான்க்கு'. ஆங்கிலத்து ஜங்க்தான். ஆனால் குப்பை என்று அர்த்தமில்லை. 'நாங்கள் சோதிக்கவில்லை, உத்தரவாதம் இல்லை, திருப்பி எடுக்க மாட்டோம்' என்பதுதான் அர்த்தம். குறையை மறைக்காமல் சீட்டில் எழுதி விற்கிறார்கள். எந்தக் குறை படத்தில் தெரியும், எது தெரியாது என்று கண்டுபிடிப்பது நம் பாடு. மலிவு லென்ஸ் வேட்டையில் வித்தை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

மொபைல் டார்ச்சைப் போட்டு லென்ஸின் பின்பக்கம் பிடித்து, முன்பக்கமிருந்து கொஞ்சம் சாய்வாகப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். சாய்த்தால்தான் வண்டவாளம் தெரியும். நான் முதலில் எடுத்த 135-ல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒட்டடை படர்ந்த மாதிரி மெல்லிய நரம்புகள் ஓடின. பூஞ்சை. இரண்டாவதில் பால் சிந்தித் துடைக்காமல் விட்ட கண்ணாடிபோல ஒரே வெள்ளைப் படலம். இதுதான் நண்பனின் மேகம். எனக்குப் பூஞ்சையைவிட இதில்தான் பயம் அதிகம். ஓரத்துப் பூஞ்சை பல படங்களில் தெரியவே தெரியாது. இந்தப் படலமோ வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்கச் சாம்பல் பூசிவிடும். உள்ளே நாலு தூசி, முன் கண்ணாடியில் மெல்லிய கீறல், வாய் விளிம்பில் நசுங்கல் இதெல்லாம் எனக்கு விலையைக் குறைக்கும் வரங்கள். பின் கண்ணாடியில் கீறல் என்றால் மட்டும் கீழே வைத்துவிடுவேன்.

இவ்வளவு பேசுகிற நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். 330 யென்னுக்கு ஒரு டாம்ரான் ஜூம் இருந்தது. கண்ணாடி சுத்தம், வளையம் வெண்ணெயாகச் சுற்றியது. நம் காசில் இருநூறு ரூபாய்கூட இல்லை. பாய்ந்து எடுத்துவிட்டேன். இரவு அறைக்கு வந்து பின்மூடியைக் கழற்றினால் எந்தக் கேமராவிலும் சேராத ஒரு பின்புறம். 1979-ல் வந்த அடாப்டால்-2 வகை. எந்தக் கேமராவுக்கு வேண்டுமோ அதற்கான மவுண்ட் வளையத்தைத் தனியாக மாட்ட வேண்டும். யாரோ வளையத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு லென்ஸைக் கூடையில் போட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் வளையத்தின் விலை லென்ஸைப்போலப் பல மடங்கு. கூடையில் குனியும்போது பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள், அவ்வளவுதான்.

நான் தேடியது மூன்றாவது கூடையின் அடியில் இருந்தது. சூப்பர்-டகுமார் 200 எம்எம் எஃப்/4. எஃப் எண் என்பது வெளிச்சம் நுழையும் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிதாகும். பென்டாக்ஸ் கேமரா செய்த அசாஹியின் லென்ஸ். 1975-ல் கே மவுண்ட்டுக்கு மாறும்வரை அவர்கள் பெரும்பாலும் எம்42 திருகில்தான் லென்ஸ் செய்தார்கள். முழுக்க உலோகம், அரைக் கிலோவுக்கும் மேல் கனம். சீட்டில் 'தூசி, விளிம்பில் நசுங்கல்' என்று மட்டும் எழுதி, 1,650 யென். டார்ச்சில் இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை, பூதக்கண்ணாடித் தாத்தா கையை நீட்டினார். கொடுத்தேன். பார்த்தார், வளையத்தைச் சுற்றினார், தலையை ஒரு முறை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். அதற்குமேல் எனக்கு வேறு உத்தரவாதம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை உவேனோவின் ஷினோபாசு குளம். டிசம்பரில் தாமரை எல்லாம் காய்ந்து பழுப்புக் குச்சிகளாக நிற்க, நடுநடுவே வாத்துகள். கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்பதை ஆன் செய்தேன். செய்யாவிட்டால் அது படமே எடுக்காது. முதல் இருபது படங்கள் எடுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வளையத்தை எஃப்/8-க்குத் திருப்பியும் வெளிச்சம் மாறவே இல்லை. அந்தத் துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் தகடுகள் அசையாமல் முழுதாகத் திறந்தே கிடந்தன. லென்ஸின் அடியில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு குட்டிச் சுவிட்ச் உண்டு. ஆட்டோவில் இருந்தால், பழைய கேமரா ஒரு ஊசியை அழுத்தினால்தான் தகடு மூடும். என் குழாய்க்கு அது தெரியாது. சுவிட்சைத் தள்ளினேன், 'டிக்' என்று தகடுகள் மூடின.

எஃப்/4-ல் படம் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. வெள்ளை இறகின் ஓரத்தில் ஊதாக் கோடு விழுகிறது. 5.6-க்கு வந்ததும் நன்றாகத் தெளிந்துவிடுகிறது. ஏ6000-இன் சிறிய சென்சாரில் 200 என்பது 300 போலத் தெரியும். கேமராவிலோ லென்ஸிலோ நடுக்கத்தைத் தாங்கும் வசதி கிடையாது. அதனால் ஷட்டர் வேகத்தை 1/500 வினாடிக்குக் கீழே விடவில்லை. பறக்கும் பறவையைத் தொட முடியவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் நீர்க்காகம் குளத்தைக் கடந்துவிடும். மிதக்கிற வாத்து மட்டும் எனக்குத் தோதானது.

ஊசிவால் வாத்து ஒன்று என் அருகிலேயே வந்து நின்றது. காபிக்கொட்டை நிறத் தலை, கழுத்தில் வெள்ளைப் பட்டை. ஃபோகஸ் கிடைக்கவில்லை. லென்ஸில் கோளாறோ என்று பதறினால், அது வெறும் இரண்டு மீட்டரில் நிற்கிறது. இந்த லென்ஸுக்குக் குறைந்தபட்சம் இரண்டரை வேண்டும். வாத்துக்காக நான் பின்னால் நகர்ந்தது அதுவே முதல் தடவை.

ஊருக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பா வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு லென்ஸை உள்ளே வைத்தேன். சென்னைக் காற்றில் பீரோவில் விட்டால் நானே 'கபி' என்று சீட்டு எழுத வேண்டியதுதான்.

ஜனவரியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கேயும் அதே ஊசிவால்கள் வந்திருந்தன. சாலையோரத்திலிருந்து எடுத்ததை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர் இருக்கிறது, கோரை இருக்கிறது, நடுவே கடுகு தாளித்த மாதிரி ஏழெட்டுப் புள்ளிகள். நண்பனுக்கு அனுப்பி, "அடுத்த தடவை நகானோ போனால் 300 இருக்கானு பாருடா" என்றேன். "பின்மூடியைக் கழற்றிப் பார்த்துட்டு வாங்குறேன்" என்று பதில் வந்தது.