குப்புசாமி என்ற பெயருக்குப் பின்னால்

எங்கள் அப்பத்தாவின் தம்பி பெயர் குப்புசாமி. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை, அதனால் இவரைக் குப்பையில் போட்டு எடுத்து அந்தப் பெயரை வைத்தார்களாம்; வேண்டாத குழந்தை என்று எமன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. சேலம் குகைப் பக்கத் தறிக்காரர் வீடுகளில் அந்தக் காலத்தில் குப்புசாமிகளுக்கும் பிச்சைகளுக்கும் பஞ்சமே இல்லை என்பார் அப்பத்தா.

குழந்தைகள் ஏன் தங்கவில்லை? அப்போது முக்கால்வாசிப் பிரசவம் வீட்டில்தான். தொப்புள்கொடியை அரிவாளோ மூங்கில் சிம்போ, கையில் கிடைத்ததை வைத்து அறுத்து, மேலே சாம்பலோ சாணமோ வைத்தால் என்ன ஆகும்? ஒரு வாரத்துக்குள் குழந்தைக்கு வாய் இறுகும், பால் இறங்காது, உடம்பு வில்லாக வளையும். காத்து கருப்பு என்றார்கள். உண்மையில் அது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். சுத்தமான கத்தியால் அறுத்து, மேலே எதையும் வைக்காமல் விட்டிருந்தாலே பல குழந்தைகள் பிழைத்திருக்கும்.

மருத்துவச்சிகளைத் திட்டி என்ன பயன், அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பயிற்சி கொடுக்க விக்டோரியா நினைவு நிதி என்று 1903லேயே ஒன்று தொடங்கினார்கள்தான், ஆனால் முதல் உலகப் போருக்குப் பிறகுதான் வேகம் வந்தது: 1920ல் இந்திய செஞ்சிலுவைச் சங்கம், 1924ல் நாடு முழுக்கக் குழந்தை வாரம், அப்புறம் சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாய் சேய் நலத்தை உள்ளாட்சிகளின் கடமையாக்கிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது 1939ல். அதே ஆண்டில் அடுத்த போரும் தொடங்கிவிட்டது!

சரி, குப்புசாமித் தாத்தா என்ன ஆனார்? எண்பது தாண்டியும் தறியை விடவில்லை. பேரனுக்கு மட்டும் ஆகாஷ் என்று பெயர் வைத்தார்.