இன்சுலின் பெட்டியில் இருக்கும் ‘ஆர்டிஎன்ஏ’

வீட்டில் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் அந்தப் பெட்டியை ஒருக்கா எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘ஹியூமன்’ என்று போட்டிருக்கும், பக்கத்திலேயோ பின்பக்கத்திலேயோ பொடி எழுத்தில் ‘ஆர்டிஎன்ஏ’ என்றும் இருக்கும். இதை எழுத வைத்தது காத்தான்குடியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு ராத்தா. கிளினிக்கில் ஊசி எழுதிக் கொடுத்தும் போடாமல் வைத்திருந்தவர், “தம்பி, இது பண்டியில இருந்து எடுக்கிறதாமே, மெய்யா?” என்று கேட்டார். முஸ்லிம்களுக்குப் பன்றி ஹராம், நியாயமான கேள்வி. 1920களில் இருந்து அறுபது வருசத்துக்குக் கிட்ட இன்சுலின் மாட்டுடைய, பன்றியுடைய கணையத்தில் இருந்துதான் வந்தது. இன்சுலின் ஒரு புரதம், அமினோ அமிலங்களைக் கோத்து ஆனது; மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியில் அதில் ஒன்றுதான் வேறு, மாட்டில் மூன்று, அதனால்தான் எங்கள் உடம்பிலும் வேலை செய்தது. ஆனால் பெட்டியில் ஆர்டிஎன்ஏ என்று இருந்தால் அந்த இன்சுலினைச் செய்தது பற்றீரியா அல்லது ஈஸ்ட், எந்த மிருகத்தின் கணையமும் இல்லை.

ஓர் உயிரின் டிஎன்ஏயை இன்னொன்றின் டிஎன்ஏயோடு ஒட்டினால் அது மீள்சேர்க்கை டிஎன்ஏ, பெட்டியில் உள்ள ‘ஆர்டிஎன்ஏ’ இதுதான். ஒட்டுவதற்கு முதல் வெட்ட வேண்டும், வெட்டுகிற நொதியம் பற்றீரியாவிடமே இருக்கிறது, ஏனென்றால் பற்றீரியாவையும் வைரஸ் தாக்கும், உள்ளே வரும் வைரஸின் டிஎன்ஏயை நறுக்கிப் போட அது வைத்திருக்கும் ஆயுதம் இது. (தன்னுடைய டிஎன்ஏ வெட்டுப்படாமல் இருக்க அந்த இடங்களில் மெதைல் கூட்டத்தைப் பொருத்தி வைத்திருக்கும்.) டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகள் வரிசையாக வரும் இரட்டை இழை, ஏயோடு டியும் ஜியோடு சியும் சோடி சேரும். ஈகோ-ஆர்-ஒன் என்ற நொதியத்தை எடுங்கள். அது ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறு எழுத்து வருகிற இடத்தில் மட்டும்தான் வெட்டும். எதிர் இழையை அதன் திசையில் வாசித்தாலும் அதே ஆறு எழுத்துத்தான் வரும், இரண்டு இழையிலும் ஜிக்கும் ஏக்கும் இடையில் வெட்டுவதால் வெட்டு நேராக விழாமல் படியாக விழுகிறது, ஒவ்வொரு முனையிலும் ஏ-ஏ-டி-டி என்று நாலு எழுத்து சோடி இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மனிதனோ தவளையோ பற்றீரியாவோ, எந்த டிஎன்ஏயை இந்த நொதியத்தால் வெட்டினாலும் இதே முனைதான், அதனால் யாருடைய துண்டும் யாருடைய துண்டோடும் சோடி சேரும். பிறகு லிகேஸ் என்ற இன்னொரு நொதியம் இடைவெளியை மூடிவிடும். எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான விசயம் இந்த நாலு எழுத்துத்தான்.

1973இல் அமெரிக்க விஞ்ஞானிகளான கோஹனும் போயரும் இப்படி ஒட்டிய பிளாஸ்மிட்டை, அதாவது பற்றீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறிய வட்ட டிஎன்ஏயை, ஈ. கோலை என்ற பற்றீரியாவுக்குள் விட்டார்கள். எது உள்வாங்கியது என்று எப்படித் தெரியும்? பிளாஸ்மிட்டிலேயே அன்டிபயோட்டிக்கைத் தாங்கும் ஜீன் ஒன்று இருக்கும். மருந்து கலந்த தட்டில் வளர்த்தால் பிளாஸ்மிட் உள்ளவைதான் உயிரோடு மிஞ்சும்.

எங்கள் ஆட்களுக்கு 1978 என்றால் சூறாவளி. மட்டக்களப்பைக் காற்று புரட்டிப் போட்ட அதே வருசத்தில்தான் அமெரிக்காவில் பற்றீரியா முதல்முதலாக மனித இன்சுலினைச் செய்தது. அதற்காக ஒரு மனிதரையும் வெட்டவில்லை, ஜீனை இரசாயன முறையில் எழுத்துகளைக் கோத்துச் செய்தார்கள். எங்கள் உயிரணுவில் உள்ள இன்சுலின் ஜீனுக்கு நடுவில் இரண்டு இடத்தில் தேவையில்லாத பகுதிகள் வருகின்றன, நாங்கள் அதை வெட்டி நீக்கிவிட்டு வாசிப்போம், பற்றீரியாவுக்கு அது முடியாது, கையால் கோத்த ஜீனில் அந்தத் தொல்லையே இல்லை. இன்சுலின் இரண்டு சங்கிலிகளால் ஆனது, 21 அமினோ அமிலச் சங்கிலியை ஒரு பற்றீரியாவிலும் 30 உள்ளதை இன்னொன்றிலும் வளர்த்தார்கள். சின்னப் புரதம் என்றால் பற்றீரியா சிதைத்துவிடும் என்று அதன் பெரிய புரதம் ஒன்றின் வாலில் ஒட்டி, இடையில் மெதியோனைன் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். சயனோஜன் புரோமைட் என்ற இரசாயனம் மெதியோனைனில்தான் வெட்டும். இன்சுலினில் மெதியோனைன் ஒன்றுகூட இல்லை! பெரிய புரதம் கழன்று விழும், இன்சுலினுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் இரண்டு சங்கிலியையும் சேர்த்தார்கள். 1982இல் அது ஹியூமுலின் என்ற பெயரில் அனுமதி பெற்றது.

ராத்தாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. பெட்டியில் இருந்த அந்த எழுத்தைக் காட்டி, இது பண்டி இல்லை என்று மட்டும் சொன்னேன். உங்கள் பெட்டியில் அந்த எழுத்து இல்லாவிட்டால் பார்மசியில் கேளுங்கள், கிளினிக்கில் டொக்டரிடமும் கேளுங்கள், கேட்க வெட்கப்பட்டு ஊசியை மட்டும் நிற்பாட்டிவிடாதீர்கள்.