கடிதம் கொடுத்த பிறகு

6 ஜூலை 2024, சனி

பொறுப்பேற்பு விழா முடிந்து வீடு திரும்ப மணி பதினொன்று. இந்த ஆண்டும் பொருளாளர் நான்தான். எங்களைப் போன்ற சேவைக் கிளப்புகளுக்கு ஜூலை 1 தான் புத்தாண்டு. தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், கணக்குப் புத்தகம் மட்டும் மூன்று வருடமாக என் அலமாரியில் இருக்கிறது. மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போய்ச் சேர வேண்டும். நேற்றே அனுப்பிவிட்டதால் மனசு லேசாக இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் சாப்பிடும்போது கேட்டார்: "ஏன்க்கா நமக்கு ரெண்டு பேங்க் கணக்கு?" எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். ஒன்று நம் சந்தாப் பணம். மண்டப வாடகை, பேனர், தேநீர் எல்லாம் அதிலிருந்து. இன்னொன்று ஊர்மக்கள் கொடுத்தது. அதிலிருந்து நமக்கென்று ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கூட வாங்கக் கூடாது. ஒருவர் கண்ணாடி வாங்க என்று கொடுத்தால் அது கண்ணாடிக்குத்தான். தம்பி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நல்ல பையன்.

21 ஜூலை, ஞாயிறு

ஆகஸ்ட் முகாமுக்கான கூட்டம். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் உள்ள அடுக்குமாடியில் கண் பரிசோதனை, கூடவே இனிப்பு நீர் (நீரிழிவு) பரிசோதனை.

எங்கள் மூத்த உறுப்பினர் ஐயா வழக்கம்போல ஹெலன் கெல்லர் கதையைச் சொன்னார். 1925-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் சேவைக் கிளப்புகளின் மாநாட்டில் அந்த அம்மையார் போய் நின்று, பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டார். அதன் பிறகுதான் லயன்ஸ் கிளப்புகள் இந்தக் கண் வேலையை முக்கியமாக எடுத்துக்கொண்டன. பலமுறை கேட்ட கதைதான். ஆனாலும் பார்க்கவும் கேட்கவும் முடியாத ஒருவர் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் நின்று மற்றவர்களின் பார்வைக்காகக் கேட்டார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் நான் போன வருடப் பட்டியலை மேசையில் வைத்தேன். 31 பேருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்? யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. படம் எடுத்தோம், பேனரை மடித்தோம், வீட்டுக்குப் போனோம். ஒரு வருடமாக இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த வருடம் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உறுப்பினர் பொறுப்பு என்று முடிவாயிற்று.

4 ஆகஸ்ட், ஞாயிறு

கால் வலிக்கிறது, ஆனால் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலை எட்டுக்கே கீழ்த்தளக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஒரு லிஃப்ட் வேலை செய்யாததால் மேல்மாடிகளில் இருக்கும் வயதானவர்களை இளைஞர் இருவர் கைபிடித்து இறக்கி வந்தார்கள். சுவரில் எழுத்துப் பலகை. 6 மீட்டரை அளந்து தரையில் டேப் ஒட்டி, அங்கே நாற்காலி போட்டிருந்தோம். எழுத்து படிக்காதவர்களுக்கு, நாலு திசையில் திரும்பி நிற்கும் ஆங்கில 'E' எழுத்துப் பலகை இருக்கிறது. எந்தப் பக்கம் கால் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும்.

எனக்குக் கிடைத்த வேலை ஊசித்துளை அட்டை. கறுப்புக் கரண்டி மாதிரி இருக்கும், நடுவில் பொடிப் பொடியாகத் துளைகள். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் துளை வழியாகப் பலகையைப் பார்க்கச் சொல்வோம். அதன் வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளிந்தால் கண்ணாடி போட்டாலே சரியாகிவிடும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தெளியாவிட்டால் புரையோ, விழித்திரைக் கோளாறோ, வேறு ஏதோ இருக்கிறது. டாக்டர் பார்த்தாக வேண்டும். இவ்வளவு மலிவான பொருள் இவ்வளவு பெரிய பதிலைச் சொல்கிறது.

பலருக்கு வெள்ளெழுத்துதான். ஒன்றரை, இரண்டு, இரண்டரைப் பவர் கண்ணாடிகளைக் கையோடு கொடுத்தோம். ஓர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையிலிருந்த மருந்துச் சீட்டை எடுத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு ஒரு பாட்டி வந்தார். 71 வயது. மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் பூக்கட்டுகிறவர். நாற்பது வருடத் தொழில். வலது கண்ணுக்குப் பலகையின் முதல் எழுத்தே தெரியவில்லை. ஊசித்துளை வைத்தும் மாற்றமில்லை. இடது கண் சுமார்தான். "எப்படிப் பாட்டி பூக்கட்டுறீங்க?" என்றேன். "கை கட்டிடும்மா. கண்ணு எதுக்கு?" என்றவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "வாடின பூவையும் சேர்த்துக் கட்டிடறேன்னு கடைக்காரப் பிள்ளை சொல்லுது. எனக்கு எது வாடினது, எது நல்லதுன்னு தெரியல." அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கடிதம் எழுதினோம். பாட்டியை நானே எடுத்துக்கொண்டேன்.

இன்னொருவர் லாரி ஓட்டுநர், 46 வயது. கண்ணுக்காக வந்தவர் விரலில் குத்தவும் சம்மதித்தார். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 17.8 மில்லிமோல் காட்டியது. சாப்பிட்ட பிறகு குத்தினாலும் 11.1-ஐத் தாண்டினால் இனிப்பு நீர் இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும் என்று தாதி விளக்கினார். "கால் கொஞ்சம் எரியும், வேற ஒன்னுமில்ல" என்றார் அவர். நம் நாட்டில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று 2023-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு சொல்கிறது. அதிலும் இந்தியர்களிடம்தான் அதிகம். அறிக்கையில் படிப்பது வேறு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் சட்டைப் பையில் பேனாவும் லாரிச் சாவியுமாகப் பார்ப்பது வேறு.

5 ஆகஸ்ட், திங்கள்

மொத்தம் 23 கடிதங்கள். பெயர்களைப் பிரித்து எல்லோருக்கும் வாட்சாப்பில் அனுப்பிவிட்டேன்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

இரண்டு வாரம் கழித்து எல்லோரும் அழைத்துப் பார்த்தோம். 23 பேரில் 6 பேர்தான் போயிருக்கிறார்கள்.

மற்றவர்கள் சொன்னதை ஒரு தாளில் எழுதினேன். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரிடம் 5 வெள்ளி. அதனால் காசு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கூட வர ஆளில்லை என்றார்கள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கடிதம் மலாயில் இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்றே புரியவில்லை. கிராப் வாடகைக் கார் போட்டால் போக வர ஆகும் செலவு ஒருநாள் சாப்பாட்டுக் காசு. கண்ணில் மருந்து விட்டால் தனியாகத் திரும்பி வரப் பயம். ஒருவர் அழைப்பை எடுக்கவே இல்லை. லாரி ஓட்டுநர், "போறேன் அக்கா, போறேன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார்.

போன வருடமும் இதே காரணங்கள்தான் இருந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

கூட்டத்தில் கொஞ்சம் சூடு. தீபாவளிக்கு நூறு குடும்பங்களுக்குப் பலகாரக் கூடை கொடுக்கலாம் என்று ஒரு பக்கம். மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று நான். கூடை கொடுப்பதில் எனக்கு விரோதமில்லை, பண்டிகையில் ஒரு வீட்டுக்குச் சந்தோஷம் வருகிறது. ஆனால் போன தீபாவளிக்கு ஒரே அடுக்குமாடியில் மூன்று அமைப்புகள் கூடை கொடுத்ததை நாங்களே பார்த்தோம். மருத்துவமனைக்குக் கூட வர ஆள் கொடுத்த அமைப்பு ஒன்றுமில்லை.

ஐயா முடித்து வைத்தார். உறுப்பினர்கள் தங்கள் காரில், தங்கள் பெட்ரோலில் அழைத்துப் போவது. யாரும் இல்லாத நாளில் மட்டும் கிராப், அதற்குப் பொதுப் பணம். கூடை ஐம்பது.

பொதுப் பணம் என்றதும் எனக்கு ஒரு சிக்கல். மளிகைக் கடை முதலாளி ஒருவர் 1,000 வெள்ளி கொடுத்தது கண்ணாடி வாங்க. மிச்சத்தை நான் பாட்டுக்கு வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. சாயங்காலமே கடைக்குப் போய்க் கேட்டேன். பணம் கொடுத்த நாளிலேயே அவர் வருமான வரிக் கழிவு ரசீது கேட்டிருந்தார். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் அதைக் கொடுக்க முடியும், எங்களுக்கு அது இல்லை என்று அப்போதே சொல்லியிருந்தேன். இன்று காரணம் முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு இல்லைன்னு நேரா சொன்னீங்க. இன்னைக்கும் வந்து கேக்கறீங்க. செய்ங்கம்மா" என்றார். தேதி போட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

12 செப்டம்பர், வியாழன்

பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கிளினிக்குக்குப் போன மாதக் கடைசியிலேயே போய்விட்டோம். இது கண் பிரிவு. காலை ஏழரைக்கு எண் எடுத்து, வீடு திரும்ப மணி இரண்டரை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டதும் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கியதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முற்றிய புரை. உள்ளே மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒருவர் தேதியை ரத்து செய்ததால் அக்டோபர் 1 கிடைத்தது. பாட்டி முகம் சுருங்கிவிட்டது. "மூணாம் தேதி நவராத்திரி தொடங்குது. அந்த ஒன்பது நாள்ல வர்ற காசும்மா அது." இது எனக்குத் தோன்றவே இல்லை. தேதியைத் தள்ளினால் எப்போது கிடைக்குமோ. காரில் இருவரும் ரொம்ப நேரம் பேசவில்லை. இறங்கும்போது, "சரி, போயிடுவோம்" என்றார்.

1 அக்டோபர், செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது. பிளாஸ்டிக் மூடியை டேப் போட்டு ஒட்டி அனுப்பினார்கள். குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, சொட்டு மருந்து தவறக் கூடாது. பேத்தி காலண்டரில் கட்டம் போட்டு ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கோடு கிழிக்கிறாள்.

நவராத்திரிக்குப் பாட்டியின் இடத்தில் அவர் மருமகள் உட்காருகிறார். பாதி வேகம்தான், ஆனாலும் இடம் போகவில்லை. நம் உறுப்பினர் வீடுகளின் கொலுவுக்கெல்லாம் பூ அங்கேயே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

10 அக்டோபர், வியாழன்

லாரி ஓட்டுநர் கிளினிக்குக்குப் போய்விட்டார். புதுத் தம்பி அவருடைய ஓய்வு நாளைக் கேட்டு வைத்து, காலையில் வீட்டு வாசலிலேயே போய் நின்றுவிட்டாராம். மாத்திரை தொடங்கியாயிற்று, விழித்திரைப் படமும் எடுத்தாயிற்று. மொத்தம் 17 பேர் போய்விட்டார்கள். அழைப்பை எடுக்காதவர் இன்னும் எடுக்கவில்லை. சனிக்கிழமை நேரில் போகிறேன்.

26 அக்டோபர், சனி

தீபாவளிக்கு ஐந்தே நாள். கூடைக்கு முறுக்கு வாங்க லிட்டில் இந்தியா போனேன். நெரிசலில் நடக்கவே முடியவில்லை. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பார்க்கிறேன், பாட்டி தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் மூடி இல்லை.

நான் பக்கத்தில் போய் நின்றது அவருக்குத் தெரியவில்லை. மடியில் ஒரு குவியல் மல்லிகை. கை அதன்பாட்டுக்குப் போகிறது, நாலு மொட்டு, ஒரு முடிச்சு. நடுவில் நிறுத்தினார். ஒரு மொட்டை விரல் நுனியில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்போரம் லேசாகப் பழுப்பு. அதை வலப்பக்கம் இருந்த பழைய பால்டின்னில் போட்டார். டின்னில் ஏற்கெனவே பாதி அளவு கிடந்தது.