தெச்சி இலை மஞ்சளானால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் வேலியோரத்தில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத தெச்சி (மற்ற ஊர்க்காரர்களுக்கு இட்லிப்பூ) கொத்துக்கொத்தாய்ப் பூத்துக் கிடக்கும். அதையே மொட்டைமாடித் தொட்டியில் வைத்தால் ஆறே மாதத்தில் மஞ்சளடிக்கும். அந்தப் பக்கத்துச் செம்மண்ணுக்கு இயல்பிலேயே அமிலத்தன்மை உண்டு, தெச்சிக்கு அதுதான் வேண்டும். மாடியிலோ சிமெண்டுத் தொட்டி, உப்புச்சுவையுள்ள போர் தண்ணீர், போதாததற்கு அடுப்புச் சாம்பலும் முட்டையோடும். இவை எல்லாமே மண்ணைக் காரமாக்குபவை. மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும்.

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். நுனிக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக்கோடாய் நின்றால் இரும்புக் குறை. அடி இலைகள் முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. மண் ஈரமாக இருக்கும்போதே செடி முழுக்க வாடித் தொங்கினால் வேர் அழுகுகிறது, அதற்கு உரம் போட்டால் சீக்கிரம் சாகும்.

இரும்புக் குறைக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு). ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு, 5 கிராம் அன்னபேதியைக் கரையுங்கள். கரைசல் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். துருநிறத்துக்கு மாறியிருந்தால் கொட்டிவிடலாம், பயனில்லை. வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளித்து, 15 நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை தெளிக்கவும். வெளுத்த தரையில் சிந்தினால் கறை போகாது, செடியைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இது தற்காலிகம்தான். தொட்டி விளிம்பில் வெள்ளையாய் உப்புப் படிந்திருந்தால் தண்ணீரை மாற்றாமல் தீராது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். புதுச் சிமெண்டுத் தொட்டியை ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, தினமும் மாற்றிவிட்டு, பிறகு நடவும்.

12 அங்குலத் தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய சாணம் ஒன்று, தென்னை நார்க்கழிவு ஒன்று. உப்புத் தண்ணீரில் ஊறிய கதம்பலில் (தேங்காய் மட்டை) இருந்து வந்த நார்க்கழிவு என்றால் மூன்று முறையாவது அலசிவிடுங்கள். அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி நிரப்புகிறார்கள், வீண் வேலை. மேல்மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகே நீர் ஜல்லிக்குள் இறங்கும். ஆக, ஈரம் நிற்கும் இடம்தான் வேருக்கு அருகே வருகிறது. துளையை ஓட்டுத்துண்டால் மூடினால் போதும். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி பக்கம் அடிக்கிற காற்றுக்குத் தொட்டி சாயும், மண்ணும் ஒரே பகலில் காயும். மேற்குச் சுவரின் மறைவில் வைத்துக் காலை மாலை நீர் விடுங்கள். ஐப்பசி மழையில் நேர்மாறு: அடித்தட்டை எடுத்துவிட்டு, உரத்தை நிறுத்திவிடுங்கள்.

பூ வருவது புதுக்கிளையின் நுனியில். வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் அடுத்த கொத்து வரும்.