விஎம்வேரிலிருந்து பிராக்ஸ்மாக்ஸுக்கு: ஒரு பழைய செண்டோஸ் மெஷினோடு இடமாற்றம்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சிறிய நிறுவனத்தில் அந்த வேலைக்கு எல்லை கிடையாது. டீலர்கள் ஆர்டர் போடும் வெப்சைட், சர்வீஸ் புகார்ப் பதிவு, கணக்குப் பிரிவின் டேலி, பிரிண்டரில் சிக்கிய பேப்பர் எல்லாமே என் கணக்கில்தான். இதற்கெல்லாம் அடியில் இரண்டு சர்வர்கள், இரண்டிலும் ஓடியது இஎஸ்எக்ஸ்ஐ 6.7; ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் விஎம்வேர் மென்பொருள். அந்தப் பதிப்புக்கான பொது ஆதரவு 2022 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. டிசம்பரில் ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நின்றது. இனி சந்தாதான், அதுவும் கோர் கணக்கில், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். எங்களுடைய சிபியுவில் இருப்பது 8 கோர். இல்லாத பாதிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று சொன்னதும் முதலாளி விலைப்பட்டியலை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐயும் போனது. (2025 ஏப்ரலில் அது திரும்பி வந்தது. அதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம்.)

விஎம்வேருக்குப் பதிலாக பிராக்ஸ்மாக்ஸைத் தேர்ந்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. அடியில் இருப்பது டெபியன் லினக்ஸ். விஎம்களை ஓட்டுவது 2007 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம். வியன்னாவிலிருந்து 2008 முதல் வந்துகொண்டிருக்கும் மென்பொருள். ஏதாவது தகராறு என்றால் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் வழக்கமான லினக்ஸ் கட்டளைகளைக் கொண்டே பார்க்கலாம் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பில் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்களை நேரடியாக இழுக்கும் விஸார்டும் சேர்ந்துகொண்டது.

எல்லா விஎம்களையும் ஒரு சர்வருக்கு ஒதுக்கிவிட்டு, காலியான இன்னொன்றில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டேன். டிஸ்க்குகளைத் தானே நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வேண்டுமென்றால், அவற்றை ஒன்றாக்கி மறைக்கும் ரெய்டு கார்டை, தனித்தனியாகக் காட்டும் ஹெச்பிஏ மோடுக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்க்குகளை அது தன் கண்ணால் பார்க்க வேண்டும். இன்ஸ்டால் ஆனதும் அப்டேட் கொடுத்தால் 401 (அனுமதி இல்லை) என்று திட்டும். சந்தா இல்லாதவர்களுக்கான ரெப்போவுக்கு (மென்பொருள் களஞ்சியம்) மாற்றினால் சரியாகிவிடும்.

விஸார்டில் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டை ஒரு ஸ்டோரேஜாகச் சேர்த்தால், அதிலுள்ள விஎம்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. விசென்டர் (பல ஹோஸ்டுகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விஎம்வேர் மென்பொருள்) வைத்திருப்பவர்களும் ஹோஸ்டின் ஐபியையே கொடுங்கள். விசென்டர் வழியாகப் போனால் மிக மெதுவாக வரும். பழைய ஸ்னாப்ஷாட்களை (விஎம்மின் அந்தந்த நேரத்து நிலையைச் சேமித்தவை) முன்பே அழித்து ஒன்றாக்கிவிட வேண்டும். விஎம்மை நிறுத்திவிட்டு இழுப்பதே நல்லது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே பூட் செய்யும் லைவ் இம்போர்ட் வசதியும் உண்டு, ஆனால் பாதியில் அறுந்தால் அதுவரை விஎம் எழுதியதெல்லாம் போய்விடும். மின்வெட்டும் யுபிஎஸ் பேட்டரியின் வயதும் தெரிந்தவன் அதைத் தொடமாட்டான்.

டெபியன், உபுண்டு விஎம்கள் வந்து இறங்கியதுமே பூட் ஆகின. நெட்வொர்க் மட்டும் வராது. விஎம்வேரில் இஎன்எஸ்192 என்றிருந்த கார்டின் பெயர் இங்கே இஎன்எஸ்18 ஆகிவிடும். கன்சோலில் நுழைந்து கான்ஃபிக் ஃபைலில் அந்த ஒரு பெயரை மாற்றினால் போதும். ஃபயர்வால் விதிகளில் பழைய பெயர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கார்டின் மேக் முகவரியையும் (அதன் அடையாள எண்) பழையதையே வைத்துக்கொண்டேன். டிஹெச்சிபியில் ஐபி ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்கு அது பல தொல்லைகளை மிச்சப்படுத்தும்.

உண்மையான வேலை டீலர் வெப்சைட் ஓடிய செண்டோஸ் 7 (ஒரு பழைய லினக்ஸ் வகை) மெஷினில்தான் இருந்தது. அது முதலில் ஒரு தனி சர்வராக இருந்ததாம்; எனக்கு முன்னால் இருந்தவர் கன்வர்ட்டர் போட்டு அதை அப்படியே விஎம் ஆக்கியிருக்கிறார். பிஹெச்பி 5.4, டேட்டாபேஸாக மரியாடிபி 5.5, எதற்கும் ஒரு குறிப்புத்தாள் கூட இல்லை. மெய்நிகராக்கத்தைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே புகார் இதுதான்: அது பழசைச் சாக விடாது. விஎம் ஆக்காமல் விட்டிருந்தால் அந்த இரும்போடு இந்த செண்டோஸும் எப்போதோ போயிருக்கும், யாராவது வேறு வழியில்லாமல் புதிதாக எழுதியிருப்பார்கள்.

செண்டோஸ் 7 தன் பூட் இமேஜில் அந்தந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும். விஎம்வேரில் பிறந்த இமேஜுக்கு, பிராக்ஸ்மாக்ஸில் விஎம்களுக்குக் கொடுக்கும் மெய்நிகர் கன்ட்ரோலரான விர்ட்டிஐஓ தெரியாது. அந்த கன்ட்ரோலரில் அப்படியே பூட் செய்தால் டிஸ்க் கிடைக்காமல் நெடுநேரம் காத்திருந்து, பூட் இமேஜை உருவாக்கும் கருவியான டிராகட்டின் அவசர ஷெல்லில் போய் நிற்கும். இரண்டு வழி உண்டு. இஎஸ்எக்ஸ்ஐயில் இருக்கும்போதே டிராகட் கட்டளையில் விர்ட்டிஐஓ டிரைவர்களைச் சேர்த்து இமேஜை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் க்ரப் பூட் மெனுவின் கடைசியில் இருக்கும் ரெஸ்க்யூ வரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த இமேஜில் எல்லா டிரைவரும் இருப்பதால் பூட் ஆகிவிடும். உள்ளே போய் டிராகட் ஓட்டிவிட்டு ரீபூட். நான் முதல் வழியில் போனேன், பூட் ஆனது.

ஆனால் செண்டோஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. இடம் மாற்றியதோடு கைகழுவ முடியாது. இங்கேதான் விஎம் தன் பாவத்துக்குப் பரிகாரம் செய்தது: ஒரு க்ளோன் எடுத்து, வெளி நெட்வொர்க் இல்லாத ஒரு பிரிட்ஜில் (மெய்நிகர் ஸ்விட்ச்) கட்டிவிட்டு, பக்கத்தில் டெபியன் 12 விஎம் ஒன்றை எழுப்பினேன். அதில் பிஹெச்பி 8.2, மரியாடிபி 10.11. எவ்வளவு உடைத்தாலும் டீலருக்குத் தெரியாது.

கோடு முழுக்க மைஎஸ்க்யூஎல் அண்டர்ஸ்கோர் என்று தொடங்கும் பழைய டேட்டாபேஸ் ஃபங்ஷன்கள். அந்த ஃபங்ஷன்கள் பிஹெச்பி 7-லேயே நீக்கப்பட்டவை. அவற்றைப் புதிய முறையான பிடிஓவுக்கு மாற்றியது அலுப்பான வேலை, அவ்வளவுதான். சுவாரசியம் டேட்டாவில் இருந்தது.

டேபிள்களின் எழுத்துக் குறியாக்கம் லத்தீன்1 (ஓர் எழுத்துக்கு ஒரு பைட்), உள்ளே இருப்பது தமிழ். பிரவுசர் யூடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்ப, இணைப்பு அவற்றை லத்தீன் எழுத்து என்று நம்பி உள்ளே போட, திரும்பக் கேட்கும்போது அதே பைட்டுகளை அப்படியே கொடுக்க, திரையில் தமிழ் அழகாகத் தெரிந்துகொண்டிருந்தது. இதைப் போய் நேரடியாக யூடிஎஃப்8எம்பி4-க்கு (மரியாடிபியில் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) கன்வர்ட் செய்தால் அந்த லத்தீன் எழுத்துகள் ஒவ்வொன்றும் இன்னொரு முறை என்கோட் ஆகி, குப்பை நிரந்தரமாகிவிடும். ஒவ்வொரு ஃபீல்டையும் முதலில் பைனரி வகைக்கு மாற்ற வேண்டும், அப்போது டேட்டாபேஸ் அவற்றை எழுத்து என்று நினைப்பதை விட்டுவிடும். பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றினால் பைட்டுகள் தொடப்படாமல் பெயர் மட்டும் சரியாகும்.

புகார் டேபிள் ஒழுங்காகப் போனது. டீலர் டேபிளில் ஊர் ஃபீல்டு மறுத்தது: தவறான ஸ்ட்ரிங் மதிப்பு என்று எரர். எந்த வரி என்று தேடினால் எல்லாம் ஒரே ஊர், திருச்சிராப்பள்ளி.

அந்த ஃபீல்டு வார்கேர் 50, அதாவது அதிகபட்சம் 50 எழுத்து. லத்தீன்1-இல் 50 எழுத்து என்றால் 50 பைட். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும், புள்ளியும் கொக்கியும் உட்பட, மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் 13 குறி, 39 பைட், தப்பித்தது. திருச்சிராப்பள்ளி 17 குறி, 51 பைட். ஒரே ஒரு பைட் வெளியே நின்றிருக்கிறது. மரியாடிபி 5.5 இயல்பாகவே கறார் இல்லாதது. நீளமாக இருந்தால் வெட்டிவிட்டு ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும், அந்த எச்சரிக்கையை யார் படித்தார்கள்? கடைசி இகரக் கொக்கியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே கிடந்தது. திரையில் ‘திருச்சிராப்பள்ள’ என்று வந்து பக்கத்தில் ஒரு கறுப்பு வைரம். வருஷக்கணக்காக அப்படித்தான் தெரிந்திருக்கிறது, எல்லாரும் ஏதோ ஃபான்ட் கோளாறு என்று இருந்துவிட்டார்கள்.

நீளம் சரியாக 50 பைட் உள்ள வரிகளையெல்லாம் எடுக்கும்படி ஒரு க்வெரி எழுதினேன். திருச்சி போக, ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்து அடித்திருந்த டீலர்களும் மாட்டினார்கள். வெட்டுப்பட்ட பைட்டை எந்த மந்திரத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நல்லவேளை பின்கோடு தனி ஃபீல்டில் இருந்தது; அதை வைத்து ஊரைத் திருத்தினேன். யூடிஎஃப்8எம்பி4-இல் வார்கேர் 50 என்பது 50 குறி, இனி திருச்சி தாராளமாக உட்காரும்.

இதே ஜாதிக் கோளாறு இன்னொன்று: புகார்ப் பட்டியலில் முதல் சில எழுத்துகளை மட்டும் காட்ட பிஹெச்பியின் சப்ஸ்டர் ஃபங்ஷனைப் போட்டிருந்தார்கள். அது பைட்டில் வெட்டும். எம்பி சப்ஸ்டர் போட்டால் குறியில் வெட்டும், ‘கோ’ ‘க’ ஆக நிற்கும். தமிழுக்குச் சரியானது, முழு எழுத்தாகவே வெட்டும், இன்ட்எல் (intl) எக்ஸ்டென்ஷனில் உள்ள கிராஃபீம் சப்ஸ்டர்.

பழைய செண்டோஸ் விஎம்மின் நெட்வொர்க் கார்டைக் கழற்றி, ஒரு பேக்கப் எடுத்து நிறுத்திவிட்டேன். இரண்டாவது சர்வரையும் துடைத்து பிராக்ஸ்மாக்ஸ் போட்டு கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) சேர்த்தாயிற்று. இரண்டே சர்வர் என்றால் ஒன்று விழும்போது மற்றதற்குப் பெரும்பான்மை இருக்காது, நிறுத்திய விஎம்மை எழுப்பக்கூட மறுக்கும். மூன்றாவது ஓட்டுக்காக மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் போட்டு க்யூடிவைஸ் ஓட்டுகிறேன்.

சொல்ல மிச்சமிருப்பது, அந்த இரண்டாவது சர்வரைத் துடைக்கும் முன் கடைசியாக இழுத்த கணக்குப் பிரிவின் விண்டோஸ் சர்வர்.

“தம்பி, மாத்துனா டேலி ஓடுமில்ல?”

“ஓடுங்க்கா. லைசென்ஸை மட்டும் மொதல்ல சரண்டர் பண்ணிக் குடுங்க, அப்பறந்தான் மெஷினைத் தொடுவேன்.”

டேலி லைசென்ஸ் மெஷினோடு கட்டப்பட்டது. ஹார்ட்வேர் மாறிவிட்டதாக நினைத்தால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். சரண்டர் ஆனபின் இழுத்து, சாட்டா கன்ட்ரோலரில் பூட் செய்தேன். ஒரு ஜிபி அளவில் வெறும் விர்ட்டிஐஓ டிஸ்க் ஒன்றைச் சேர்த்தால் விண்டோஸ் டிரைவர் கேட்கும். விர்ட்டிஐஓ ஐஎஸ்ஓவிலிருந்து கொடுத்துவிட்டு, அணைத்து, சி டிரைவையும் அதே கன்ட்ரோலருக்கு மாற்றலாம். டேலி ஓடுகிறது. ஆனால் அந்த விண்டோஸ் 2012 ஆர்2, அதன் ஆதரவும் 2023 அக்டோபரில் முடிந்தது. மார்ச் கணக்கு முடியட்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.