800 வருடத்துக்கு ஒரு கப்பல்

நான் மாமாவின் மர மில்லில் கணக்கு எழுதுபவன். செங்கலடிப் பக்கம். கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்தவனுக்கு எங்கட ஊரில் மாமனாரின் தொழிலும் சேர்ந்துதான் வரும். போன மாதம் மாமா யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"வியட்நாம்காரன் கழிவு மரத்தை ஏத்துமதி செய்து கோடி கோடியா உழைக்கிறானாம். நம்மட தூள் சும்மா கிடந்து உக்குது. என்னெண்டு பாருங்க மகன்."

பார்த்தேன்.

ஏற்றுமதிக் கணக்கில் விறகு, மரச்சீவல், மரத்தூள், வெட்டுத்துண்டு எல்லாவற்றையும் 4401 என்ற ஒரே சுங்கக் குறியீட்டுக்குள் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கிற யாருக்கும் மில்லின் பின்வளவுதான் கண்ணுக்குள் வரும். ஆனால் வியட்நாமின் மரச்சீவல் ஏற்றுமதி 2001இல் சுமார் 4 இலட்சம் தொன், 2012இல் சுமார் 60 இலட்சம், 2022இல் 150 இலட்சத்துக்கும் மேல். எத்தனை மில் ஓடினாலும் இவ்வளவு கழிவு விழாது. முழு மரத்தையே சீவுகிறார்கள். சீவுவதற்கென்றே நடப்பட்ட அக்கேசியா. சின்னச் சின்னக் காணி வைத்திருக்கிற குடும்பங்கள் ஐந்தாறு வருடத்தில் வெட்டி விற்க, பட்டை உரித்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அளவில் சீவி, குவி நியோன் போன்ற துறைமுகங்களிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புகிறார்கள். அங்கே அது கடதாசியாகிறது.

இன்னொன்று, அந்தத் தொன் எல்லாம் உலர் எடை. பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதைக் கழித்துத்தான் காசு. 14 வீத ஈரப்பதனுக்கு மேல் போனால் நெல்லை நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்காது என்று தெரிந்த ஊர் நாங்கள், இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் மாமாவின் தூள் குவியல் மாரியில் நனைந்தபடி கிடப்பதை நினைத்தபோது சிரிப்பு வந்தது.

வியட்நாமுக்கு முன்னால் இந்தச் சந்தையில் பெரிய ஆள் அவுஸ்திரேலியா. 1970களின் தொடக்கத்திலிருந்து நியூ சவுத் வேல்ஸின் ஈடனிலும் தாஸ்மேனியாவின் ட்ரையபன்னாவிலும் யூக்கலிப்டஸ் காட்டு மரங்களைச் சீவி ஜப்பானுக்கு ஏற்றினார்கள். காட்டை அழிக்கிறீர்கள் என்று வருடக்கணக்காகப் போராட்டம். ட்ரையபன்னா ஆலை 2011இல் நின்றது. வியட்நாம் உலகில் முதலிடத்துக்கு வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். இதில் வேடிக்கை, வியட்நாமில் நடுகிற கலப்பின அக்கேசியாவின் தாய் தகப்பன் இரண்டுமே அவுஸ்திரேலியாவிலும் பப்புவா நியூகினிப் பக்கத்திலும் இயற்கையாக வளர்கிறவை.

சீவலாகப் போவதில் வியட்நாம் அரசுக்கும் விருப்பமில்லை. மரத்தைப் பத்து வருடத்துக்கு மேல் விட்டால் தளபாடத்துக்குப் பலகை அறுக்கலாம், வருமானம் கூட. 2016இல் சீவல் ஏற்றுமதிக்கு 2 வீத வரியும் போட்டார்கள். ஆனாலும் ஏற்றுமதி கூடித்தான் போனது. சின்ன விவசாயிக்குக் காசுத் தேவை ஒரு பக்கம், சூறாவளிப் பயம் மறுபக்கம். எட்டாம் வருடம் காற்று அடித்து முறித்தால் என்ன மிஞ்சும்?

இதைச் சொன்னபோது மாமா தலையை ஆட்டினார். 1978 நவம்பர் 23 இரவு எங்கட பக்கம் அடித்த சூறாவளியில் விழுந்த தென்னைகளை இன்றைக்கும் இடம் காட்டிச் சொல்லுவார். "அவன் வெட்டுறது சரிதான்" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. கொழும்பிலோ ஹனோயிலோ இருந்து பொறுமை படிப்பிக்கிறவருக்குக் காற்றில் மரம் போகாது.

சரி, எங்கட தூள்? கடதாசிக்கு ஆகாது, நார் அறுபட்டுப் போயிருக்கும். அழுத்தி எரிபொருள் குச்சிகளாக்கலாம், பெலட் என்பார்கள். வியட்நாமின் தளபாட ஆலைத் தூள் அப்படித்தான் தென்கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போகிறது. அதற்கும் அளவு வேண்டும். சீவல் ஏற்றுகிற ஒரு கப்பலில் 40,000 தொன்னாவது போகும். எங்கள் மில்லில் கிழமைக்கு ஒரு தொன் காய்ந்த தூள் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு கப்பல் நிரம்ப 800 வருடத்துக்குக் கிட்ட. இலங்கையில் 1990 முதல் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதும் தடை. வளவு மரமும் இறக்குமதி மரமும்தான் அறுபடுகிறது.

கழிவு காசாக வேண்டுமென்றால் வாங்குகிற ஆலை கிட்ட இருக்க வேண்டும். வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் தொடங்கியபோது எங்கட வயல் வைக்கோலைத்தான் கூழாக்கியது.

மாமா இப்போது தூளை விட்டுவிட்டு அக்கேசியாவில் நிற்கிறார், கன்று விலை விசாரிக்கட்டாம். சீவுகிற ஆலை இல்லாத ஊரில் அது வெறும் விறகு என்று சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. மறுகா மாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காணி அவவின்ட பேரில்.